மாப்பிள்ளைக்குத் தெரியுமா?

பிறந்த வீட்டு மராமத்துக்குப் பணம் அனுப்பும் பெண்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். என் அலுவலகத்தில் ஒருத்தி திண்டிவனம் பக்கத்தில் அம்மா வீட்டுக்கு போர் போட்டுக் கொடுத்தாள். இன்னொருத்தி அப்பாவின் ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட்டாள். நகைச்சீட்டில் சேர்த்த பணம் மொத்தமும் அதில் போயிற்று. இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குள்தான் பேசிக்கொள்வோம். ஊரில் பேச முடியாது, உறவில் பேச முடியாது. பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள் எங்களைப் பெற்றவர்களேதான்.

கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சம்பாதிக்கிறேன், கொடுக்கிறேன். அந்த வீட்டுச் சோற்றில் வளர்ந்தவள், அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தவள். என் ஆதங்கம் அவர்கள் வாங்குகிற விதத்தில். கூசிக் கூசி வாங்குகிறார்கள். தாங்க முடியாத கட்டம் வரும்வரை வாய் திறப்பதில்லை. திறந்தாலும் தேவையில் கால்வாசிதான் கேட்கிறார்கள். வாங்கியதை நாலு பேருக்குத் தெரியாமல் மறைக்கிறார்கள். இப்படி மறைத்து வாங்கும் பணத்தில் வேலை மட்டும் எப்படி ஒழுங்காக நடக்கும்? வருஷக்கணக்காகப் பணம் போய்க்கொண்டிருக்கிறது. வீடு ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

வீடு மன்னார்குடிப் பக்கம். அப்பா ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். முதலாளியிடம் முன்பணம், அம்மாவின் சங்கிலி, சொசைட்டிக் கடன் என்று அங்கே இங்கே புரட்டி 1988-ல் கட்டினார். முன்னால் திண்ணை, ஒரு கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு. மேலே கான்கிரீட் தளம். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்துத் தட்டோடு பதித்த மொட்டை மாடி. குளிக்கிற அறையும் கக்கூஸும் கொல்லையில், கிணற்றைத் தாண்டி. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கூடத்துக்கு மொசைக் தரை போட்டபோது தெருவே வந்து பார்த்ததாக அம்மா இன்றும் சொல்வாள். அதைச் சொல்லும்போது அப்பா ஒன்றும் பேச மாட்டார், ஆனால் காது மட்டும் இந்தப் பக்கம் இருக்கும்.

மில் மூடியபோது அவருக்குக் கிடைத்தது கொஞ்சம் பி.எஃப். பணமும் மாத ஓய்வூதியமும். அந்த ஓய்வூதியம் எவ்வளவு குறைந்தாலும் 1,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று 2014-ல் அரசு நிர்ணயித்தது. அப்பாவுக்கு அதைவிடச் சற்றுக் கூட வருகிறது, அவ்வளவுதான். சின்ன நிலம் ஒன்றைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சில மூட்டை நெல். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. வீட்டைப் பழுது பார்க்க அதில் வழியும் இல்லை. இது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் இத்தனை ஒளிவுமறைவு?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. எங்கள் பக்கம் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுத் தென்னை ஒன்று எங்கள் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் விழுந்தது. சுவர் இடிந்த இடத்தில் தட்டோடும் பெயர்ந்தது. போன் கிடைக்க ஆரம்பித்ததும் கூப்பிட்டுக் கேட்டேன். “நாங்க நல்லாருக்கோம்மா, ஒண்ணும் இல்ல” என்றாள் அம்மா. வீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் கூடத்து மூலையில் ஓதம் காத்திருக்கிறது. அதற்கடுத்த மழையில் சொட்ட ஆரம்பித்திருக்கிறது. சொட்டுகிற இடத்தில் அண்டாவை வைத்து, கட்டிலை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டு இருவரும் படுத்திருக்கிறார்கள். எனக்கு இது தெரிந்தது பக்கத்து வீட்டு அத்தை வாயால்.

ஒழுகும் தளத்தை ஒரு மழைக்காலம் சும்மா விட்டாலும் செலவு ஏறும். தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். இரும்பு இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் துருவுக்கு இடம் வேண்டும். உள்ளே இடமில்லாததால் அது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளும். பிறகு காரை பாளம் பாளமாக விழும். புயல் அடித்த கையோடு, பெயர்ந்த தட்டோட்டை எடுத்து, தண்ணீர் ஓட வாட்டம் சரிசெய்து, நீர்க்காப்புப் பூச்சும் கொடுத்திருந்தால் சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. நான் கேட்டபோதே சொல்லியிருந்தால் அந்த வாரமே அனுப்பியிருப்பேன்.

அம்மா கேட்டது ஒன்றரை வருஷம் கழித்து. “ஒரு அஞ்சாயிரம் இருந்தா அனுப்பும்மா. தை அறுவடை முடிஞ்சு குத்தகை நெல்லு வந்ததும் குடுத்துடறோம்.” பெற்ற பெண்ணிடம் கைமாற்று! ஐயாயிரத்தில் என்ன நடக்கும்? கொத்தனார் ஒருவர் வந்து விரிசலில் சிமெண்ட் பாலை ஊற்றிவிட்டுப் போனார். அடுத்த மழையில் மறுபடியும் சொட்டியது. தீபாவளிக்கு முன்னால் இன்னொரு ஐயாயிரம் கேட்டு வாங்கினாள். அந்தப் பணத்தில் கூடத்தின் உட்கூரைக்குப் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தார்கள். மேலே தண்ணீரை நிறுத்தாமல் கீழே பெயிண்ட் அடித்து என்ன பயன்? அந்த பெயிண்ட் கார்த்திகைக்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உதிர்ந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், “உன்கிட்ட எவ்வளவுன்னு கேக்கறது?” என்கிறாள். இப்படி ஐயாயிரம், எட்டாயிரம் என்று துண்டு துண்டாகப் போன பணத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு முழு மாடி வேலைக்கு ஆகியிருக்கும். வீட்டு வேலைக்கு ஒரு முறை சாரம் கட்டி, ஒரு முறை சாமான் இறக்கி, ஒரு முறை ஆள் கூப்பிட்டால்தான் கட்டுப்படியாகும். ஒவ்வொரு முறையும் ஆளைக் கூப்பிட்டு அரை மூட்டை சிமெண்டில் ஒட்டுப்போடுவது கொத்தனாருக்கும் பிடிக்காத வேலை. கூலி இன்று ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிட்டது. பாமணி ஆறு பக்கத்தில் ஓடினாலும் மணலுக்கு எம்-சாண்ட்தான் வாங்கியாக வேண்டும்.

கடைசியில் ஒரு கார்த்திகை மாதத்தில் கூடத்துச் சிலாப்பிலிருந்து காரை ஒரு பாளமாகப் பெயர்ந்து, அப்பா வழக்கமாக உட்காரும் ஈஸிசேர் மேலேயே விழுந்தது. அந்த நேரம் அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அம்மா உள்ளதை உள்ளபடி சொன்னாள். போனில் அழுதாள். நான் என்ஜினீயர் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். துருப்பிடித்த கம்பியைச் சுரண்டி ரசாயனப் பூச்சு கொடுத்து, மெலிந்துபோன இடங்களில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, பழைய தட்டோடு முழுவதையும் எடுத்துவிட்டு மாடியைப் புதிதாகச் செய்ய இரண்டரை லட்சம் என்று எஸ்டிமேட் கொடுத்தார். நான் தொகையைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தெரியும் அம்மா. எங்கள் வீட்டில் இருவர் சம்பளமும் இருவருக்கும் தெரியும். என் கணவர் அறந்தாங்கியில் அவருடைய பெற்றோர் வீட்டுக்கு மாடி எடுத்துக் கொடுத்தார். அதற்கு நானும் சேர்த்துத்தான் மாதத் தவணை கட்டினேன். “மருமகளுக்குத் தெரியுமா?” என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. என் மாமியார் கோயிலுக்குப் போனாலும் குளத்துக்குப் போனாலும் “பையன் மாடி எடுத்துக் குடுத்துட்டான்” என்று சொல்லிப் பூரித்துப்போகிறார். அந்தப் பூரிப்பைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். என் அம்மாவுக்கு மட்டும் ஏன் அது கிடைக்கக் கூடாது? அவளும் ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தாள், அந்தப் பிள்ளையும் சம்பாதிக்கிறது. தெருவில் நின்று “என் பொண்ணு செஞ்சு குடுத்தா” என்று அவள் ஒருமுறை சொல்லி நான் கேட்டதில்லை.

சொல்லாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பா “பையன் பணம் அனுப்பறான்” என்று சொல்லியிருக்கிறார். இதை என் சிற்றப்பா மகள் என்னிடம் சொன்னபோது எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். வாடகை வீடு, இரண்டு குழந்தைகள். அவனும் தன்னால் முடிந்ததைத் தருகிறான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தான் கொடுக்காத பணத்துக்கு ஊரில் பெயர் கிடைப்பது அவனுக்கே பெரும் சங்கடம். “அக்கா, நான் போய்ச் சொல்லிடட்டுமா?” என்று கேட்கிறான். ஊரில் யாராவது கடன் கேட்டு வந்தால் “வீட்டுக்கே லட்சக்கணக்குல போடறே, எங்களுக்குக் கொஞ்சம் இல்லையா” என்று அவனைத்தான் பிடிக்கிறார்கள். இப்படி எங்கள் இரண்டு பேரையும் ஒரே பொய்யில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்க வேண்டும், அங்கிருந்து எதுவும் வரக் கூடாது. தலைத் தீபாவளி, தலைப் பொங்கல், வளைகாப்பு, பிள்ளைக்குக் காப்பு கொலுசு என்று கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கௌரவம். என் பாட்டி, பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்க மாட்டாள். என் அம்மா அந்த அளவுக்கு இல்லை; வந்தால் சாப்பிடுவாள். ஆனால் ஊருக்குத் திரும்பும்போது எங்கள் வீட்டு மளிகை டப்பாவுக்கு அடியில் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை வைத்துவிட்டுத்தான் போவாள்.

கூரை ஒழுகிக்கொண்டிருந்த அந்த வருஷத்திலும் பொங்கல் சீர் வந்தது. கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், புடவை, வேட்டி, ரொக்கம். தம்பியிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். ரொக்கம் ஐயாயிரம். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் நான் சிமெண்ட் வாங்க ஐயாயிரம் அனுப்பியிருந்தேன். அந்தப் பணத்தில் ஒரு மூட்டை சிமெண்ட்கூட வாங்கவில்லை என்று தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். நான் கொடுத்த பணம் சீர்த்தட்டில் ஏறி என் வீட்டுக்கே வந்திருக்கிறது. நான் கோபப்பட்டேன். “சீர் இல்லாம அனுப்பினா உன் மாமியார் வீட்டுல உன்னை என்னம்மா நினைப்பாங்க?” என்றாள். அண்டாவில் தண்ணீர் சொட்டும் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள் அம்மா. அதைச் சொல்லி அவளை எப்படித் திட்டுவது? திட்டாமலும் எப்படி இருப்பது?

தம்பி கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது இன்னும் மோசம். அந்தச் சமயம் நான் ஒரு தொகை அனுப்பினேன், கொல்லைக் கக்கூஸை மூடிவிட்டு வீட்டுக்குள் ஒரு பாத்ரூம் கட்டச் சொல்லி. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். குந்தி உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்குப் பாசி பிடித்த கல்லின் மேல் கால் வைத்துக் கிணற்றைத் தாண்டிப் போகிறாள். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கீழே விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எழுபதைக் கடந்தால் அது இன்னும் கூடுகிறது. அவர்களில் எத்தனை பேருக்குப் பாசிக் கல்லும் கிணற்றடியும் தாண்டிப் போக வேண்டியிருக்குமோ. அம்மாவின் சிநேகிதி ஒருத்தி இப்படித்தான் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. அதை எனக்கு விவரமாகச் சொன்னவளே அம்மாதான்.

கல்யாணத்துக்குப் போய்ப் பார்க்கிறேன். பாத்ரூம் இல்லை. திண்ணையை இடித்துவிட்டு போர்டிகோ. முன்சுவர் முழுக்க எலிவேஷன் டைல்ஸ். வாசலில் பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட். “சம்பந்தி வீட்டுக்காரங்க வருவாங்க. உன் மாமியார் வீட்டுக்காரங்களும் வருவாங்க. வாசல் நல்லா இருக்க வேணாமா?” என்று அம்மா கேட்டாள். நான் கொடுத்தது போதாமல் தன் வளையலைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துத்தான் அந்த கேட்டைப் போட்டிருக்கிறாள். மீட்கத் தேதி நெருங்கியபோதுதான் அதுவும் எனக்குத் தெரிந்தது. அந்த நகைக்கடனையும் நான்தான் கட்டினேன். என் மாமியார் வீட்டார் வந்தார்கள், கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தார்கள், யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மாமியார் ராத்திரி கொல்லைக்குப் போக வேண்டி வந்தபோது அவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனவள் நான். “உங்கம்மா எப்படி தினமும் இதுல நடக்கறாங்க?” என்று அவர் கேட்டார். யாருக்காக வாசலை அலங்கரித்தார்களோ அவர் பார்த்தது கொல்லையைத்தான்.

பெரியப்பா ஒருவர் இருக்கிறார். அப்பாவுக்கு எல்லா யோசனையும் அவரிடமிருந்துதான். “பொண்ணு காசை வீட்டுல போடாதே, நாளைக்குப் பங்கு கேப்பா” என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பேச்சு அப்பாவை எவ்வளவு பாதித்தது என்பது, அதன்பிறகு நான் என்ன சொன்னாலும் அவர் அம்மாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு எழுந்து போவதில் தெரிந்தது. இதைக் கேட்டு என் வயிறு எரிகிறது. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929-ல். சட்டம் வர அறுபது வருஷம் பிடித்தது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு. அதற்குமுன் கல்யாணமான பெண்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்து அந்த வேறுபாட்டையும் எடுத்தது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற சிக்கலைக்கூட 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் எங்கள் பூர்வீக வீட்டுக்கு அத்தைமார்கள் இருவரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு புடவையை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். அந்த வீட்டில் இன்று இருப்பவர் பெரியப்பா.

நாங்கள் இருக்கும் வீடு அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டியது. அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம், அது அவர் இஷ்டம். எழுதாமல் விட்டால் அம்மாவுக்கும் தம்பிக்கும் எனக்கும் சமமாக வரும். 1956 சட்டத்திலிருந்தே அப்படித்தான். இதில் நான் காசு போட்டதால் பங்கு வரப்போவதுமில்லை, போடாததால் போகப்போவதுமில்லை. பங்கு கேட்கிறவளாக இருந்தால் நான் எதற்குச் சிமெண்டுக்கும் கம்பிக்கும் பணம் அனுப்ப வேண்டும்? பேசாமல் காத்திருந்தால் போதுமே. பெற்றவர்களைக் காப்பாற்றுவது என்று வரும்போதும் சட்டம் என்னையும் தம்பியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கல்யாணமான மகளுக்கும் தகப்பனைக் காப்பாற்றும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் மகள் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஒரு டாக்டர். 2007-ல் வந்த மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிள்ளைகள் என்றால் மகனும் மகளும் பேரனும் பேத்தியும் என்று எழுதி வைத்திருக்கிறது. கடமையில் நான் பிள்ளை. பெயர் சொல்லும்போது மட்டும் நான் அடுத்த வீட்டுப் பெண்ணா?

இந்த எண்ணம் வீட்டோடு நிற்கவில்லை, வங்கியிலும் உட்கார்ந்திருக்கிறது. வீட்டைப் பழுது பார்க்க என்றே கடன் தருகிறார்கள், வட்டி தனிநபர் கடனைவிடக் குறைவு. பத்திரம் அப்பா பெயரில். அவருக்கு எழுபத்தாறு வயது, சொல்லும்படி வருமானம் கிடையாது. என்னை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று என் சம்பளச் சீட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அங்கே இருந்த அதிகாரி அதைப் பார்க்கக்கூட இல்லை. “கல்யாணமான பொண்ணுன்னா சிரமம் மேடம். பையன் இருந்தா கூட்டிட்டு வாங்களேன்.” தம்பி சம்பளத்தைவிட என் சம்பளம் கூட. கடைசியில் அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் எடுத்தேன். வீடு என் பெயரில் இல்லாததால் அந்த வட்டிக்கு வருமான வரியில் சலுகையும் கிடையாது. நான் சலுகைக்காகக் கொடுக்கவில்லை. இருந்தாலும் மாதாமாதம் தவணை கழியும்போது, அந்த அதிகாரி சொன்னது காதில் விழாமல் இருப்பதில்லை.

அந்தக் கடனில் சிலாப் வேலை முடிந்தது. கம்பி, பூச்சு, கூடத்தின் உட்கூரை எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் மாடியின் மேல்வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். “இதுக்கு மேல உன்னைக் கேக்க எங்களுக்கு மனசு வரல” என்றார் அப்பா. பாதி மாடிக்கு நீர்க்காப்பு, பாதிக்குப் பழைய தட்டோடு. இரண்டும் சேரும் இடத்தில் இந்த வருஷம் மறுபடியும் ஓதம். மனசு வராமல் மிச்சம் பிடித்த எழுபதாயிரம் ரூபாய், போட்ட கிட்டத்தட்ட இரண்டு லட்சத்தையும் சேர்த்து அரிக்கப் பார்க்கிறது. அப்பா, நீங்கள் மில்லில் எத்தனை பேருக்குக் கணக்குப் பார்த்துச் சொன்னவர். இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாதா?

இந்தச் சித்திரையில் நான் யாரையும் கேட்கப்போவதில்லை. சிமெண்டுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. மூட்டைக்குக் கொஞ்சமாவது மிஞ்சும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை நடவு ஆரம்பித்துவிட்டால் எங்கள் பக்கம் சித்தாள் கிடைப்பது கஷ்டம், அதற்குள் முடித்தாக வேண்டும். மேஸ்திரியிடம் நானே பேசிவிட்டேன். முதலில் பாத்ரூம். படுக்கையறையை ஒட்டி, வாசற்படி இல்லாமல், வழுக்காத டைல்ஸ் போட்டு, ஒன்றரை அடி உயரத்தில் உட்காரும் வெஸ்டர்ன் கக்கூஸ், இரண்டு பக்கமும் சுவரில் அழுத்தமாகப் பதித்த கைப்பிடிக் கம்பி. கம்பி பதிக்கும் இடத்தில் ஒற்றைக்கல் சுவர் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். ஆள் எடை தாங்க வேண்டும். பிறகு மாடியின் மிச்சப் பாதி. பணம் நேராக மேஸ்திரிக்கும் கடைக்கும் போகும், யாருடைய சீர்த்தட்டுக்கும் போகாது. இந்த வருஷம் தீபாவளிச் சீர் வந்தால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் மாமியாரிடமும் சொன்னேன். “முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார் அவர்.

அம்மா பாத்ரூமுக்கு ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள்: “மேஸ்திரிகிட்ட மட்டும் தம்பி அனுப்பற பணம்னு சொல்லிடும்மா.” முடியாது என்றேன். மேஸ்திரியிடம் என் பெயரையும் நம்பரையும் கொடுத்திருக்கிறேன், டைல்ஸ் கடை ரசீது என் பெயரில்தான் வரும். வேலை ஆரம்பிக்கும் அன்று நானும் மாப்பிள்ளையும் ஊரில் இருப்போம். தம்பியும் லீவு சொல்லியிருக்கிறான். பெரியப்பாவுக்கு நானே போன் செய்து, அன்றைக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.